ஒத்திவைக்கப்பட்ட கல்லறைத் திருநாள்

அக்டோபர் 12, ஞாயிறு

இத்தனை வருடங்களாக நாட்குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுதி வந்தேன். கான்வென்ட் பழக்கம். இன்று முதல் தமிழில் எழுதப்போகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் என் கோபம் மரியாதையாக மாறிவிடுகிறது.

குழாயில் தண்ணீர் வந்து நாலு நாளாகிறது. எனக்கு மட்டுமில்லை, பாசிமலை முழுவதற்கும் இல்லை. மேல் ஏரியிலிருந்து ஊருக்கு வரும் அந்தக் குழாய், என் கணவர் இருதயராஜ் நகராட்சி இன்ஜினியராக இருந்தபோது மழையில் நனைந்துகொண்டு நின்று போட்டது. அதை இப்போது கான்வென்ட் பக்கம் திருப்பிவிட்டார்கள். கான்வென்ட் என்று இன்னும் நான்தான் சொல்கிறேன். கன்னியாஸ்திரிகள் சபை அதை விற்றுப் பல வருடமாகிவிட்டது. இப்போது அது ஹோட்டல். வாங்கியது யார் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. ஏதோ ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனிக்குச் சொந்தம். அது எங்கோ ஒரு தீவில் இருக்கிறதாம்.

நவம்பரின் முதல் மூன்று நாட்கள் அங்கே கூட்டம். உலகத்தின் பெரிய மனிதர்கள் முப்பது பேர் வருகிறார்கள். முப்பது பேர் குளிக்க ஓர் ஊரின் தண்ணீர்.

மரகதம் இரண்டு குடங்களைச் சமையலறையில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறாள். வாய் மட்டும் அவளுக்கு எப்போதும் ஓய்வெடுப்பதில்லை.

"அம்மா, உலகத்தையே பாகம் பிரிக்கத்தான் வாராய்ங்களாம்ல. நம்ம ஊரு யாரு பங்குக்கு வருதுன்னு தம்பிகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. அந்த ஆளுகிட்டயே தண்ணியக் கேட்டுக்கிறேன்."

தம்பி என்று அவள் சொல்வது என் மகன் கிளெமென்ட்டை. அவன் ஜெனிவாவில் இருக்கிறான். அவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அக்டோபர் 15, புதன்

சம்பந்தம் இருக்கிறது. கிளெமென்ட் போன் செய்தான். இந்தக் கூட்டத்தை நடத்துவது அவன் அலுவலகம்தான். எந்த ஊரில் நடத்தலாம் என்று கேட்டபோது பாசிமலையின் பெயரைச் சொன்னவனே அவன்தானாம்.

"மம்மி, நீங்க பெருமைப்படணும். நீங்க படிச்ச கட்டடத்துலதான் அவங்க உக்காந்து பேசப்போறாங்க."

அவன் வேலை என்ன என்று யாராவது கேட்டால் 'ஆலோசகர்' என்பேன். யாருக்கு, என்ன ஆலோசனை என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

எங்கள் பங்குக் கோயிலின் ஃபாதர் அமலனிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் விஷயத்தைச் சொல்ல நேர்ந்தது. அவர்களாகக் கேட்டார்கள், சொன்னேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசைக்குப் போகும் வழியில் கடைத்தெருவே எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாக் கடைக்கும் ஒரே வெள்ளைப் பெயின்ட். குதிரைக்காரர்களைக் கீழ்மலைக்கு அனுப்பிவிட்டார்கள். தெருநாய்கள் ஒன்றுகூட இல்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால் போலீஸ்காரர் மேலே பார்க்கிறார்.

பத்திரிகையில் கால் பத்தி செய்தி. வருகிறவர்களின் பெயர் இல்லை. கப்பல்கள், மருந்து, விதை, கடலுக்கடியில் போகும் கம்பிகள் இவற்றையெல்லாம் கையில் வைத்திருப்பவர்கள் என்று மட்டும் இருந்தது. மூன்று நாடுகளின் பிரதமர்களும் வருகிறார்கள், 'அழைக்கப்பட்டவர்களாக'. பிரதமர்களை வரச்சொல்லி அழைக்கிறவர் யார்? அவருக்கு மேலே யார்? எனக்கு ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறேன். இந்த முப்பது பேரில் ஒருவர் பெயரும் எந்த வாக்குச்சீட்டிலும் என் கண்ணில் பட்டதில்லை.

இரத்த அழுத்த மாத்திரையின் நிறம் மறுபடி மாறியிருக்கிறது. பழைய கம்பெனி மாத்திரையே வேண்டும் என்றேன்.

"பழைய கம்பெனி, போட்டிக் கம்பெனி, அதுக்குப் போட்டிக் கம்பெனி எல்லாத்தையும் ஒரே ஆள் வாங்கிட்டாங்கம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். "அட்டைதான் வேற வேற. நீங்க எந்தக் கலர் வேணும்னு மட்டும் சொல்லுங்க."

அக்டோபர் 23, வியாழன்

வெயில் இருந்ததால் மாடி அறையைத் திறந்து கம்பளிகளை உலர்த்தினேன். பூட்டிக் கிடந்த அறை, வாடை வருகிறது. திரைச்சீலையும் மாற்றினேன். கிழிந்திருந்தது.

"தம்பி இங்கதான் தங்குமா?" என்று மரகதம் கேட்டாள். அவன் ஹோட்டலில் தங்குவான், மூன்று நாளும் அங்கிருந்து யாரும் வெளியே வரக்கூடாது என்பது விதி என்றேன். நான் அவனை வரச் சொல்லவில்லை. விதி என்றால் விதி. கான்வென்ட்டில் எங்களுக்கும் விதிகள் இருந்தன.

ரவை கேக் செய்தேன். கோயில் அன்னதானத்துக்கு.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் பத்து நாள். மெழுகுத்திரி வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தகப்பன் கல்லறையில் முதல் திரியை மூத்த மகன் ஏற்றுவான். மகன் ஊரில் இல்லாவிட்டால்தான் மனைவி. இருதயராஜ் போனதிலிருந்து நானே ஏற்றி வருகிறேன். பிறகு சுவரோரம் இருக்கும் கன்னியாஸ்திரிகளின் கல்லறைகளுக்கும் ஏற்றுவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சபையும் விற்றுவிட்டுப் போய்விட்டது.

கிளெமென்ட் இந்த வருடம் நவம்பர் இரண்டாம் தேதி ஊரில் இருப்பான். ஹோட்டல் மதிலுக்கும் கல்லறைக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

பிரசங்கம் முடிந்து ஃபாதர் அமலன் அறிவிப்பு வாசித்தார். பாதுகாப்புக் காரணங்களுக்காக நவம்பர் ஒன்று முதல் மூன்று வரை கல்லறை மூடப்படுகிறது. தீர்த்தம் தெளித்து ஜெபிக்கும் கல்லறை மந்திரிப்பு ஒன்பதாம் தேதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது. பங்கு மக்கள் ஒத்துழைக்க வேண்டும்.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். 'ஆமென்' என்று ஒரு குரல் வேறு.

பூசை முடிந்ததும் நேராகப் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சக்ரீஸ்து அறைக்குள் போனேன். அங்கியைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை.

"யார் ஃபாதர் இதை முடிவு பண்ணது? பிஷப்பா?"

"கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து போன்மா. பிஷப்புக்கும் தகவல் போயிருக்கு."

"தகவல் போச்சா, அனுமதி கேட்டாங்களா?"

"ஒரு வாரம்தானேம்மா. ஆத்துமாக்கள் எங்கயும் போயிடாது."

"கிறிஸ்மஸை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொன்னா வைப்பீங்களா?"

அவர் அங்கியின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமானார். "உங்க மகன்தானேம்மா அங்க பெரிய பொறுப்புல இருக்காரு. நீங்களே சொன்னீங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்" என்றார்.

குடையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

நானாகக் கிளெமென்ட்டுக்குப் போன் செய்வதில்லை. அவனுக்கு வேலை அதிகம். இன்று செய்தேன். கல்லறையை ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டேன்.

"மம்மி, சாயங்காலம் அவங்க ஹோட்டல் மேல் வராந்தாவுல நிப்பாங்க. பின்னால கல்லறையில நானூறு பேர் நெருப்பைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா செக்யூரிட்டிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க."

"மெழுகுத்திரியை நெருப்புன்னா சொல்ற?"

"அவங்க பார்வையில சொல்றேன்."

"இதை முடிவு பண்ணது யாரு?"

"ஒரு ஆள் முடிவு பண்றது இல்ல மம்மி."

"நகராட்சியா? கலெக்டரா?"

"அவங்களுக்கு நாங்க தெரியப்படுத்தினோம்."

நாங்கள் என்றான். அதைச் சொன்னது அவனுக்கே தெரிந்திருக்காது. நான் கவனித்தேன்.

"அப்ப உனக்கு மேல இருக்கறவர் பேரைச் சொல்லு. நான் எழுதறேன். நல்ல ஆங்கிலத்துல எழுதறேன்."

"எனக்கு மேல இருக்கறவருக்கு மேல யாருன்னு எனக்கே தெரியாது மம்மி" என்றான். பொய் சொல்லும்போது அவன் குரல் வேறு மாதிரி இருக்கும். இது அந்தக் குரல் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது. ஐம்பது வயது ஆண்பிள்ளை, எவருக்கு வேலை செய்கிறோம் என்று தெரியாமல் ஊரை மூடுகிறான்.

அப்பா கல்லறைக்குப் பெரிய மலர்வளையம் அனுப்பச் சொல்லியிருக்கிறானாம். ஹோட்டல் தோட்டக்காரர் வைப்பாராம்.

"நீ வைக்க மாட்டியா?"

"மம்மி, நான் அன்னிக்கு டியூட்டில இருப்பேன்."

போனை வைத்தேன். மாவு சலித்தேன். வண்டு விழுந்திருந்தது.

அக்டோபர் 30, வியாழன்

கூட்டம் நடக்கும் மூன்று நாளும் சாலையில் போக, நகராட்சிக் கல்யாண மண்டபத்தில் அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். வரிசையில் நின்றேன். முதியோர் முன்னால் போகலாம் என்றார்கள். மறுத்துவிட்டேன்.

கணினிக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் நல்லவர்தான். "எங்க போகணும் மேடம்?"

"கல்லறைக்கு. ரெண்டாம் தேதி சாயங்காலம்."

"அது இதுல வரலையே. மூணு பிரிவுதான் இருக்கு. விருந்தினர், பணியாளர், சப்ளை." எனக்காக யோசித்தார். "சப்ளைல போட்டுவிடவா மேடம்? பூ சப்ளைன்னு போட்டா மெயின் கேட் வரைக்கும் விடுவாங்க."

"என் கணவருக்கு நான் பூ சப்ளை செய்யறதில்ல" என்றேன்.

பின்னால் நின்ற காய்கறி வியாபாரி சிரித்தார். போலீஸ்காரரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்த ஊரில் நான் எந்தப் பிரிவிலும் இல்லை.

நவம்பர் 1, சனி

சாலைப் பக்க ஜன்னல்களை மூடி வைக்க உத்தரவு. மூடவில்லை. கேட்டருகில் நின்றேன். ஓர் இளைஞன், சட்டையில் ஏதோ பாதுகாப்பு நிறுவனத்தின் பெயர், "பாட்டி, உள்ள போங்க" என்றான். நான் உனக்குப் பாட்டி இல்லை, இது என் கேட் என்றேன்.

வண்டிகள் வந்தன. எல்லாம் கறுப்பு, கண்ணாடியும் கறுப்பு. யார் இருந்தார்கள் என்று பார்க்க முடியவில்லை. ஏழாவது வண்டி என் கேட்டுக்கு எதிரே சற்று மெதுவாகப் போனது போல இருந்தது. அங்கே வளைவு இருக்கிறது. எல்லா வண்டியும் அங்கே மெதுவாகத்தான் போகும்.

நவம்பர் 3, திங்கள், காலை

நேற்று எழுத முடியவில்லை. முட்டி வீங்கியிருக்கிறது. எதையும் விடாமல் எழுதுகிறேன்.

கல்லறைக்கு இன்னொரு வழி இருக்கிறது. என் வீட்டுக்குப் பின்னால் ஓடையை ஒட்டி ஏறும் ஒற்றையடிப் பாதை. நவம்பர் இரண்டாம் தேதி கோயிலில் பூசை முடிந்ததும் போர்டிங் பெண்களை இரண்டிரண்டு பேராக அந்தப் பாதையில்தான் சிஸ்டர்கள் கூட்டிப்போவார்கள். சாலையில் போனால் ஊர்ப் பையன்கள் பார்ப்பார்கள் என்பதால். பாதை முடியும் இடத்தில் இடுப்பளவு மரக்கதவு. அதை அந்த முப்பது பேரின் ஆட்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கிளெமென்ட்டுக்கே அது நினைவில் இருக்காது.

நேற்று மாலை நாலு மணிக்குக் கிளம்பினேன். இருதயராஜின் கைத்தடி, பையில் திரிகள், தீப்பெட்டி. மரகதம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"உனக்கு அங்க யாரு இருக்கா?"

"அய்யா இருக்காருல்ல. விழுந்து கெடந்தீங்கன்னா தூக்க ஆளு வேணும்ல. நடங்கம்மா."

இரண்டு இடத்தில் அவள் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. மரக்கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து, தட்டியதும் கையோடு வந்துவிட்டது.

அவன் அனுப்பிய மலர்வளையம் கல்லறையை முழுக்க மூடிக் கிடந்தது. பெயர் தெரியாத வெளிநாட்டுப் பூக்கள். அடியில் அவர் பெயரே தெரியவில்லை. எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தேன். களை பிடுங்கினோம். கல்லைத் துடைத்தோம். திரியை நட்டேன். ஏற்றவில்லை. தீப்பெட்டி நமுத்திருந்தது.

"புதுப் பொட்டிம்மா. நேத்து நாந்தான் வாங்கியாந்தேன்" என்றாள் மரகதம்.

ஒரு காவலாள் பார்த்துவிட்டான். ஓடிவந்து கத்தினான். ஆங்கிலத்தில் மெதுவாக, முழு வாக்கியங்களில் பதில் சொன்னேன். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காதில் மாட்டியிருந்த கருவியில் யாரிடமோ பேசினான். கொஞ்ச நேரத்தில் வேலியில் ஒரு சின்னக் கதவு திறந்து கிளெமென்ட் வந்தான்.

கோட்டு. கழுத்தில் அட்டை. காதில் அதே கருவி, அதில் ஒரு சிறிய நீல வெளிச்சம். மெலிந்திருக்கிறான். முன்னந்தலையில் முடி போய்விட்டது. அப்பாவுக்கும் இந்த வயதில்தான் போனது.

"மம்மி" என்றான்.

தீப்பெட்டியை நீட்டினேன். "மகன் ஊர்ல இருக்கான். ஏத்து."

"மம்மி, ப்ளீஸ். இன்னும் பத்து நிமிஷத்துல அவங்க வராந்தாவுக்கு வந்துடுவாங்க. நான் உங்கள வண்டியில வீட்டுல விட்டுடறேன்."

"உன்கிட்ட நான் வண்டி கேட்கலை."

அவன் கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. நானே கிழித்தேன். முதல் குச்சியே பற்றியது. திரியை ஏற்றிவிட்டு, "இது வேண்டாம்னா நீயே அணை" என்றேன்.

இதை எழுதத்தான் வேண்டும். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, குனிந்து, சுடரைக் கிள்ளி அணைத்தான். பூசையில் உதவும் பீடச் சிறுவனாக இருந்தபோது அப்படி அணைக்க அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஊதினால் மெழுகு தெறிக்கும் என்று.

மரகதம் "ஆத்தாடி" என்றாள்.

மறுபடி ஏற்றினேன். அவன் குனியவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பினேன். மரக்கதவு வழியாக மருந்துக்கடைக்காரர் வந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் அவர் மனைவி. அவர்கள் பின்னால் பங்கு மக்களில் பாதி. மரகதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஃபாதர் அமலன், கையில் தீர்த்தச் செம்பு, மறு கையில் நான் மறந்த குடை. என் முகத்தைப் பார்க்காமல் குடையைக் கொடுத்தார்.

காவலாட்கள் நாலைந்து பேர் கூடினார்கள். ஊரார் யாரும் நிற்கவில்லை. அவரவர் கல்லறைக்குப் போனார்கள், ஏற்றினார்கள். நான் சிஸ்டர்களுக்கு ஏற்றினேன். இருட்டத் தொடங்கியிருந்தது. மலைச்சரிவு முழுக்கச் சுடர்கள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சின்னப் பெண் மாதிரி நினைத்தேன்.

மேல் வராந்தாவில் அவர்கள் வந்து நின்றார்கள். நான் படித்த காலத்தில் கான்வென்ட் தலைவி மதர் சுப்பீரியர் காலையில் காபியோடு நிற்கும் இடம் அது. தினமும் கல்லறையைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அங்கே இப்போது கையில் கோப்பைகளோடு சில உருவங்கள். முகம் தெரியவில்லை. இவ்வளவு செய்தும் அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

கிளெமென்ட் காதைத் தொட்டுக் கேட்டான். அவன் முகத்தில் இருந்த பயம் போய்ச் சிரிப்பு வந்தது.

"மம்மி, பிரச்சினை இல்ல! அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். அழகா இருக்குதுங்கறாங்க. எங்க ஏற்பாடுன்னு நெனச்சுட்டாங்க. அப்படியே தொடரச் சொல்றாங்க." மறுபடி கேட்டுவிட்டு, "அந்த வலது பக்கம் கொஞ்சம் இருட்டா இருக்காம். அங்கயும் கொஞ்சம் ஏத்த முடியுமான்னு கேக்கறாங்க" என்றான்.

மேலே கைதட்டல் கேட்டது. போன்களின் வெளிச்சம் எங்களை நோக்கித் திரும்பியது.

அவர்கள் தடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. தண்ணீரை எடுத்தார்கள், சாலையை எடுத்தார்கள், திருநாளை எடுத்தார்கள். இப்போது எங்கள் செத்தவர்களையும் சாயங்கால வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, அதை எங்களுக்கே அனுமதியாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

குனிந்தேன். முட்டி கெஞ்சியது. விரலை நாக்கில் தொட்டு என் கணவரின் திரியை அணைத்தேன். பிறகு நிமிர்ந்து, "எல்லாரும் அணைங்க" என்றேன். நான் சத்தம் போட்டுப் பேசி இந்த ஊர் கேட்டதில்லை.

"எதுக்கும்மா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அவங்க பார்த்து ரசிக்கறாங்க. கூடுதலா ஏத்தச் சொல்றாங்க."

அவர் மேலே பார்த்தார். அவர் தகப்பனார் கல்லறையில் இருந்த திரியை ஒரே ஊதலில் அணைத்தார். மரகதம் சிஸ்டர்கள் வரிசையை முந்தானையால் விசிறிக்கொண்டே போனாள். சரிவில் ஒவ்வொன்றாக அணைந்தது. கைதட்டல் நின்றது.

ஃபாதர் அமலன் இருட்டிலேயே ஜெபத்தைத் தொடங்கினார். புத்தகம் தேவைப்படவில்லை. நாங்கள் எல்லோரும் மெழுகுப் புகை நடுவே இருட்டில் நின்று, முடிவில்லாத ஒளியை எங்கள் இறந்தவர்களுக்குக் கேட்டோம்.

கிளெமென்ட் எங்கே நிற்கிறான் என்று அந்த நீல வெளிச்சத்தை வைத்துத்தான் தெரிந்தது. அது மட்டும் விட்டுவிட்டு மின்னியது. அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள் போலிருக்கிறது. ஜெபம் முடிவதற்கு முன்னால் அதையும் காணவில்லை. வேலிக்கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

இறங்கி வரும்போது, "தம்பியும் செபம் சொல்லுச்சுல்லம்மா?" என்று மரகதம் கேட்டாள். இருநூறு பேர் ஒன்றாகச் சொன்னார்கள், அதில் ஒருவன் குரலைப் பிரித்தெடுக்க முடியாது என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

வண்டிகள் இறங்கின. சாலைப் பக்க ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தேன். அவர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்று பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த வருடம் என் மாத்திரை என்ன நிறத்தில் வருகிறதோ, அதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஏழு வண்டி வரை எண்ணினேன். பிறகு பால் பொங்கிவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் துருத் தண்ணீர்.

கல்லறை மந்திரிப்பு நடந்தது. ஃபாதர் அமலன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஹோட்டலிலிருந்து ஆள் வந்ததாம். அன்று ஒரு விருந்தாளிக்கு அந்தக் காட்சி மறக்கவே முடியவில்லையாம். வருடத்தில் சில நாட்கள், விருந்தினர் வரும்போது, பங்கு மக்கள் கல்லறையில் திரி ஏற்ற முடியுமா என்று கேட்கிறார்கள். கோயில் கூரையை அவர்களே மாற்றித் தருவார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு சொன்னேம்மா." ஓடைப் பாதையில் ஏறி வந்த அன்றிலிருந்து இந்த இளம் ஃபாதர் கொஞ்சம் தேறியிருக்கிறார்.

"எங்க செத்தவங்க விருந்தினரும் இல்ல, பணியாளரும் இல்ல, சப்ளையும் இல்லன்னு சொல்லுங்க. கூரை ஒழுகினா ஒழுகட்டும். குடை இருக்கு."

பிறகு இருதயராஜின் கல்லறைக்குப் போனேன். மேல் வராந்தா காலியாக இருந்தது, நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மலர்வளையம் அழுகி, பூச்சி மொய்த்தது. திரியை நட்டேன். கொஞ்ச நேரம் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மகன் ஊரில் இல்லை. ஏற்றினேன்.

மாலையில் மரகதம் மாடி அறையைப் பூட்டிவிடவா என்று கேட்டாள். கம்பளிகள் இன்னும் சரியாக உலரவில்லை, இரண்டு நாள் திறந்தே இருக்கட்டும் என்றேன்.